குமரிக்குத் துப்பறிய வரும் புதியவரை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குற்றப் புதினமும் வலைத்தொடரும் எழுதும் நண்பர்களுக்கும் அவற்றை வெளியிடும் பதிப்பகத்தாருக்கும்,

வணக்கம்.

உங்கள் புதிய தனியார் துப்பறிவாளர் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறார் என்றால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். கடல், மலை, மாநில எல்லை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் ஊர் இது. ஆனால் வந்தவர் முதல் அத்தியாயத்திலேயே பிணத்தின் சட்டைப்பையைத் துழாவுகிறார். இரண்டாவதில் இன்ஸ்பெக்டரை அதட்டுகிறார். மூன்றாவதில் யாருக்கோ ஒரு போன் போட்டு, சந்தேக நபரின் ஆறு மாத அழைப்புப் பட்டியலை வரவழைத்துவிடுகிறார். நீதிமன்றம், காவல் நிலையம், பிணவறை, மீன்பிடித் துறைமுகம் என்று இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கிற, பார்த்து ஓய்வுபெற்ற வாசகர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். அவருக்கு இல்லாத அதிகாரத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கதை செத்துவிடுகிறது.

இந்தியாவில் தனியார் துப்பறிவாளருக்கென்று உரிமம் தரும் மத்தியச் சட்டம் கிடையாது. 2005-ஆம் ஆண்டு வந்த சட்டம் செக்யூரிட்டி காவலாளி நிறுவனங்களுக்கானது. துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே, 'அரசு அங்கீகாரம் பெற்ற டிடெக்டிவ்' என்று அட்டையை நீட்டிக் கதவைத் திறக்க வைக்கும் காட்சி வேண்டாம். அந்த அட்டையில் போலீஸ் என்று தோன்றும்படி ஏதாவது இருந்து, அதைக் காட்டி அதிகாரியாக நடித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆம் பிரிவில் அவரே குற்றவாளி. குறைந்தது ஆறு மாதம் சிறை.

கைது செய்ய அவருக்கு உள்ள உரிமை டீக்கடைக்காரருக்கு உள்ள அதே உரிமைதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவின்படி, ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் தன் கண்ணெதிரே நடந்தால் யாரும் பிடிக்கலாம். தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவரையும் பிடிக்கலாம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். நேற்று நடந்த கொலைக்காக இன்று ஒருவரை லாட்ஜ் அறையில் கட்டிவைத்து விசாரித்தால், அது சட்டவிரோதக் காவல். அதற்கு இந்த 40-ஆம் பிரிவு கைகொடுக்காது.

பின்தொடர்வதிலும் ஒரு வலை இருக்கிறது. ஓர் ஆண், விருப்பமில்லாத பெண்ணைத் தொடர்ந்து பின்தொடர்ந்தால் நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவு பாயும். குற்றத்தைக் கண்டுபிடிக்கத்தான் பின்தொடர்ந்தேன் என்ற விலக்கு, அரசு அந்தப் பொறுப்பை ஒப்படைத்த ஆளுக்கு மட்டும் உண்டு. கணவன் கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மனைவியின் ஸ்கூட்டர் பின்னால் போகும் நம்மாளுக்குக் கிடையாது. இதை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். அந்தப் பெண் புகார் கொடுக்கிறார்; துப்பறிவாளர் மகளிர் காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்; எதிரில் அவருடைய கட்சிக்காரர் 'இவரை எனக்குத் தெரியாது' என்கிறார்.

அழைப்புப் பட்டியலுக்கு வருவோம். காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியின் கோரிக்கையோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் தொலைபேசி நிறுவனம் அதைத் தரக்கூடாது. பின்வாசல் வழியாக வாங்கி விற்ற வழக்கில், 2018-இல் மகாராஷ்டிரத்தின் தானே போலீஸ் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தது. உங்கள் கதையில் போலீஸே அதை வாங்கினாலும், அதில் பேச்சு இருக்காது. எண்கள், நேரம், எத்தனை வினாடி, கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண், அழைப்பு தொடங்கியபோதும் முடிந்தபோதும் பிடித்திருந்த கோபுரம், இவ்வளவுதான் இருக்கும். கோபுரம் ஒரு பகுதியைக் காட்டும், வீட்டு எண்ணைக் காட்டாது. எல்லையோரத்தில் இன்னும் குழப்பம். களியக்காவிளையிலோ நீரோடியிலோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் போன் கேரளத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் அன்று ராத்திரி அவர் கேரளத்தில் இருந்தார் என்று தோன்றும். அலிபி, அதாவது சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கான சான்று, என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். அது அலிபி இல்லை என்று நிரூபிக்கத் தெரிந்தவரே நல்ல துப்பறிவாளர்.

அப்படியானால் அவருக்கு என்னதான் கிடைக்கும்? நிறையக் கிடைக்கும், பொறுமை இருந்தால்.

முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. பாலியல் குற்றம் போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. ஆக, அந்த எஃப்.ஐ.ஆர். நகலுக்காக அவர் காவல் நிலைய ரைட்டரிடம் பல்லிளிக்க வேண்டியதில்லை. நீதிமன்ற வழக்கு விவரங்கள் கிடைக்கும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்காடியவர் பெயரைப் போட்டால் ஆளின் பழைய வழக்குகள் வரும். அப்பா பெயரையும் ஊரையும் ஒத்துப் பார்க்காமல் போனால், ஒரே பெயருள்ள வேறொரு அப்பாவி மேல் பழி விழும். கதைக்கு இது நல்ல திருப்பம், வாழ்க்கையில் நல்லதல்ல. தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாள். ஆனால் விசாரணை நடக்கும் வழக்கு என்றால் விசாரணைக்கு இடையூறு என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். வெளிநாட்டு வேலை என்று பணம் வாங்கிய ஏஜெண்டைத் தேடுகிறாரா? 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் ஈ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கும் இந்த மாவட்டத்தில், உங்கள் முதல் வழக்கு அங்கிருந்து தொடங்கினால் யாரும் நம்புவார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொழுத்த இடம் சார்பதிவாளர் அலுவலகம். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தன. அதனால் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில், கையெழுத்தில் இருக்கும். மலையாள எழுத்துப் படிக்கத் தெரியாத துப்பறிவாளர் இங்கே பாதிக் குருடர். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனை மட்டுமே வரும். பதிவு செய்யாத உயில் வராது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வராது. மறு அளவையில் கொடுத்த புது எண்ணை (ரீசர்வே எண்) மட்டும் போட்டுத் தேடினால், பழைய சர்வே எண்ணில் கிடக்கும் அடமானம் கண்ணில் படாது. இரண்டு எண்ணையும் ஒத்துப் பார்த்து, மூலப் பத்திரம் வரை பின்னால் போய், இடையில் ஒரு வாரிசு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிப்பவர், துப்பாக்கி ஏந்தியவரைவிட எங்களுக்குச் சுவாரசியமானவர். இங்கே கொலைகளுக்குக் காரணமாகிற நிலம் பல நேரம் பத்து சென்ட்டைத் தாண்டாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கடல். ஏறத்தாழ எல்லாக் கையெழுத்துப் பிரதிகளும் சறுக்கும் இடம்.

ஜூன் மாதம் கொட்டும் மழையில் குளச்சலிலிருந்து விசைப்படகில் பிணத்தை ஏற்றிக்கொண்டு வில்லன் போகிறான் என்று எழுதுகிறீர்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் இதில் அடங்கும். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம், ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் மூடல். அந்த நாளில் வெளியே போகும் விசைப்படகைக் கரையில் இருக்கும் எல்லோரும் பார்ப்பார்கள். வள்ளத்துக்கும் நாட்டுப்படகுக்கும் தடை இல்லை. எனவே உங்கள் வில்லனுக்கு வள்ளம் கொடுங்கள். ஆனால் கச்சான் காற்றடிக்கும் கடலில் ஒற்றை ஆளாக வள்ளத்தைத் தள்ள முடியாது என்பதால், கூட ஒரு ஆளையும் கொடுங்கள். அந்த ஆள்தான் பிறகு உங்கள் சாட்சி. படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவெண்ணில் 'எம்.எம்.' இருந்தால் விசைப்படகு, 'எம்.ஓ.' இருந்தால் மோட்டார் பொருத்திய படகு. இருட்டில் அரைகுறையாகப் பார்த்த சாட்சிக்கு அந்த இரண்டு எழுத்து போதும்.

கடலில் போட்ட உடல் எங்கே ஒதுங்கும்? நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் என்று பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையின் நீரோட்டம் பொதுவாகத் தெற்கு நோக்கி ஓடும். வடகிழக்குப் பருவத்தில் வடக்கு நோக்கித் திரும்பும். இரையுமன்துறைப் பக்கம் ஆடியில் விழுந்தவர் முட்டம், மணக்குடிப் பக்கம் கிடைக்கலாம். அதே ஆள் மார்கழியில் விழுந்தால் நீரோடி தாண்டிப் பொழியூரில் ஒதுங்கலாம். பொழியூர் திருவனந்தபுரம் மாவட்டம். கேரள போலீஸ் இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிவு செய்து, உடற்கூறாய்வும் அங்கேயே நடத்தி, அடையாளம் தெரியாத உடல் என்று வைத்திருக்கும். இங்கே காவல் நிலையத்தில் ஆளைக் காணவில்லை என்று ஒரு வழக்கு தூங்கும். இந்த இரண்டு காகிதத்தையும் ஒரே மேசையில் வைக்க அதிகாரம் தேவையில்லை, இரண்டு மொழியும் ஒரு பைக்கும் போதும். தனியார் துப்பறிவாளர் போலீஸை முந்தக்கூடிய இடம் இதைப்போல் வேறில்லை. அதைவிட்டு ஏன் அவரைக் கூரை மேல் ஓடவிடுகிறீர்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை.

தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, அலையில் படகு கவிழ்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அங்கே ஒரு சாவு என்றால் ஊரே விபத்து என்றுதான் முதலில் நினைக்கும். கொலையை ஒளிக்க விரும்பும் எழுத்தாளருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். அது கொலைதான் என்று காட்ட டயாட்டம் சோதனையைக் கொண்டுவரலாம். தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி வகை அது. உயிரோடு மூழ்கியவர் இழுக்கும் நீரோடு நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து தொடை எலும்பு மஜ்ஜை வரை போகும். குளத்துப் பாசி வேறு, கடல் பாசி வேறு. கடலில் ஒதுங்கிய உடலின் மஜ்ஜையில் குளத்துப் பாசி இருந்தால் கதை திரும்பிவிட்டது. ஆனால் உடல் கிடந்த இடத்து நீரையும் சந்தேகப்படும் குளத்து நீரையும் மாதிரி எடுத்து அனுப்பியிருந்தால்தான் ஒப்பிட முடியும். பல வழக்குகள் இங்கேதான் நொண்டும். நீரை எடுக்க யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எடுத்திருந்தாலும் நீதிமன்றம் அதைத் துணைச் சான்றாகத்தான் பார்க்கும்.

பிணவறைக் காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொலையுண்டவரின் உடற்கூறாய்வு நள்ளிரவில் நடக்காது. 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் இரவுப் பரிசோதனையை அனுமதித்தபோதும், கொலை, தற்கொலை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றை விலக்கியே வைத்தது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் விதிவிலக்கு. டாக்டர் 'இறந்தது சரியாக 11.20' என்று சொல்ல மாட்டார். இறந்த உடலின் விறைப்பு பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்தில் முழுமையாகி, அடுத்த பன்னிரண்டு மணி நேரம் நீடித்து, அதற்கடுத்த பன்னிரண்டில் தளரும் என்பது பாடம். நம் வெயிலுக்கு எல்லாமே முந்தும். அதனால் இத்தனை முதல் இத்தனை மணிக்குள் என்று ஒரு வரம்புதான் வரும். விஷம் பார்க்க அனுப்பும் உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் போடுவார்கள். ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் விஷப் பரிசோதனை பாழ். அது திசு ஆய்வுக்கானது. உங்கள் கதையில் பிணவறையில் யாரோ காசு வாங்கிக்கொண்டு குற்றத்தை மறைக்க வேண்டுமென்றால், பாட்டில் மாறிப்போனால் போதும், அறிக்கையைத் திருத்த வேண்டியதே இல்லை. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இறந்திருந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. அவரை மறந்துவிட்டு இன்ஸ்பெக்டர் தனியாக வழக்கை முடிப்பதாக எழுதாதீர்கள்.

போலீஸ் பக்கம். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்கு எஃப்.ஐ.ஆரில் பழைய சட்டத்தின் 302 வராது, நியாய சன்ஹிதாவின் 103(1) வரும். ஏட்டையா பேச்சுவாக்கில் 302 என்றே சொல்லட்டும், அது இயல்பு. எழுத்தில் மாற்றுங்கள். கொலை வழக்கின் எஃப்.ஐ.ஆர். உடனே ஒரு காவலர் கையில் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும், அவர் வாங்கிய நேரத்தைக் குறிப்பார். காலை எட்டு மணிக்குப் பதிவான அறிக்கை, தக்கலைக்கும் பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்கும் உள்ள அந்தச் சின்னத் தூரத்தைக் கடக்க மாலைவரை எடுத்துக்கொண்டால், இடையில் அதை உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். நீதிமன்ற வழக்குக் கட்டிலிருந்து சான்றிட்ட நகலை மனுப் போட்டு வாங்கும் துப்பறிவாளர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நேரக் குறிப்பைத்தான். அடுத்து, குற்றவாளி தானாகவே வி.ஏ.ஓ.விடம் போய் ஒப்புக்கொண்டான் என்ற காகிதம். தமிழ்நாட்டு வழக்குக் கட்டுகளில் இது அடிக்கடி தென்படும். முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஏன் போய் மனம் திறந்தான் என்று நீதிமன்றங்கள் கேட்டிருக்கின்றன. உங்கள் துப்பறிவாளரும் கேட்கட்டும்.

சிசிடிவி எல்லோருக்கும் பிடித்த ஆயுதம். நம்மாள் மானிட்டரைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து 'ஆதாரம் கிடைத்துவிட்டது' என்கிறார். அது நீதிமன்றத்தில் நிற்காது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் நிபுணரும் தனித்தனியே கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்குறியான ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். கடையில் சிசிடிவி பதிவாகும் பெட்டியான டி.வி.ஆரின் கடிகாரம் பெரும்பாலும் ஓடும் நேரத்துக்கு ஒத்துவராது; பதினேழு நிமிடம் முந்தியிருக்கும் கருவியைக் கவனிக்காமல் நேரக்கோட்டை எழுதினால் அப்பாவி உள்ளே போவான். பெட்டி நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழியும். துப்பறிவாளர் செய்யக்கூடியது, கடைக்காரரிடம் அதை அழியாமல் வைக்கச் சொல்லிவிட்டு, விசாரணை அதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவித்து நகல் வைத்துக்கொள்வது. டி.வி.ஆரையே தூக்கிக்கொண்டு போனால், தடயத்தை மறைத்ததாக நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவு அவர் மேலேயே திரும்பலாம்.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கே ஆளில்லாத இடம் என்று ஒன்று இல்லை. குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அதிகாலை இருட்டில் பிணத்தைப் புதைக்கிறான் என்று எழுதினால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் மரம் மரமாக நடப்பார்கள். இலையுதிரும் பிப்ரவரி, மார்ச்சில் வெட்டு நிற்கும். அப்போது வேண்டுமானால் புதைக்கட்டும், ஆனால் காய்ந்த சருகு காலடியில் சத்தம் போடும். வண்டியைப் பின்தொடர வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு பைக், டி.என். 74 அல்லது 75 எண்ணோடு. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழியில்லை. முன்னால் போகிறவன் கடைசி நொடியில் கீழ்ச்சாலைக்கு ஒதுங்கினால் ஒற்றை ஆள் தோற்றான். எல்லை தாண்ட களியக்காவிளைச் சோதனைச் சாவடி ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம், ரேஷன் அரிசி கடத்துகிறவர்களுக்கு ஊர்ச்சாலைகள் அத்தனையும் மனப்பாடம். விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலத்தில் நள்ளிரவுத் துரத்தலை வைத்தவர்களுக்கு ஒரு செய்தி: பாறைக்கு ஆளை ஏற்றிப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகு பகலில்தான் ஓடும்.

கடற்கரை ஊருக்குள் துப்பறிவாளர் நேராக வீடு வீடாகக் கதவைத் தட்டக்கூடாது. பங்குத்தந்தையையோ பங்குப்பேரவைக்காரர்களையோ பார்த்து, யார் அனுப்பினார்கள், எதற்கு வந்தோம் என்று சொன்ன பிறகே ஊர் வாய் திறக்கும். சொல்லாமல் நுழைந்தால் பத்து நிமிடத்தில் நாலு பேர் சுற்றி நின்று 'எந்த ஊரு, யாரப் பாக்கணும்?' என்பார்கள். அதன் பிறகு அந்த ஊரில் யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பேச்சையும் பாருங்கள். மாவட்டம் முழுக்க எல்லோரையும் 'ஏலேய்' போட வைக்காதீர்கள். நாகர்கோவில் கடைக்காரர் 'அண்ணாச்சி' என்பார், நெருக்கமானவனை 'மக்கா' என்பார். விளவங்கோட்டில் பேச்சு மலையாளத்தோடு கலந்து ஓடும். கடற்கரைப் பேச்சு இரண்டிலும் சேராது. நிலையத்தில் ஏட்டை 'ஏட்டையா' என்றும் எஸ்.ஐ.யை 'சார்' என்றும் கூப்பிடுவார்கள்; துப்பறிவாளரும் அப்படியே கூப்பிட்டால்தான் அவருக்கு ஒரு நாற்காலி கிடைக்கும்.

பதிப்பகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அட்டைக்குச் சூரிய அஸ்தமனப் படம் தேடும் நேரத்தில், கையெழுத்துப் பிரதியைக் குற்ற வழக்கு நடத்தும் ஒரு வக்கீலுக்கும், சம்பவம் நடக்கும் ஊர்க்காரர் ஒருவருக்கும் கொடுத்து, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வாங்குங்கள். படிக்கிற கூலியைக் கொடுங்கள், ஓசியில் கேட்காதீர்கள். தேதி, பருவம், சட்டப்பிரிவு, தூரம் ஆகிய நான்கையும் தனித்தாளில் எழுதி, அத்தியாயம் அத்தியாயமாக ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன் இதைச் செய்ய இரண்டு வாரம் போதும்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்துக் குற்றக்கதை வாசகர்கள் சிலர்
நாகர்கோவில், தக்கலை, குளச்சல்